கறுப்புத் திரையில் அடர்நீலம்

அன்புள்ள முத்து,

கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்பச் சந்தோஷம். இங்கே அழகர் ஆற்றில் இறங்கும் நாள் நெருங்கிவிட்டது. கோரிப்பாளையம் பக்கம் இப்போதே வண்டி நகரவில்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். டெர்மினலின் (கட்டளைகளைத் தட்டும் ஜன்னல்) கறுப்புத் திரையில் ஃபோல்டர் பெயர்கள் அடர்நீலத்தில் வந்து படிக்கவே முடியவில்லை என்று எழுதியிருந்தாய். நிறையப் பேருக்கு இருக்கிற தொல்லைதான் மாப்ள. ஃபோல்டரில் இருப்பதைப் பட்டியலிடும் எல்எஸ் (ls) கட்டளை எந்த நீலம் என்று சொல்வதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத எஸ்கேப் எழுத்து, ஒரு சதுர அடைப்பு, பிறகு 01;34 (தடித்த எழுத்து, நீலம்), கடைசியில் m, அவ்வளவுதான் அனுப்புகிறது. 1978-இல் வந்த விடி100 டெர்மினல் பரவலாக்கிய அதே எஸ்கேப் முறை. 31 சிவப்பு, 32 பச்சை, 34 நீலம். அந்த நீலம் எவ்வளவு அடர்த்தி என்பதை உன் டெர்மினல்தான் முடிவு செய்கிறது. அதனால் முதலில் டெர்மினல் செட்டிங்ஸில் 16 நிறப் பட்டியலைத் திறந்து, சாதாரண நீலம், பளிச் நீலம் என்ற இரண்டு நீலங்களையும் வெளிர்நீலமாக்கு. இந்த 16 நிறங்களைப் பயன்படுத்தும் எல்லா புரோகிராமிலும் ஒரே அடியில் சரியாகிவிடும். ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருப்பது வீண் வேலை என்பது என் கருத்து.

பிராம்ப்ட்டுக்கு (கமாண்ட் அடிக்கும் இடத்துக்கு முன்னால் வரும் வரி) மட்டும் தனியாகக் கொஞ்சம் மெனக்கெடலாம். லைவ் சர்வர் எல்லாவற்றிலும் பிராம்ப்ட்டின் பின்னணியைச் சிவப்பாக்கி வைத்திருக்கிறேன், எண் 41. டெஸ்ட் சர்வர் என்று நினைத்து யாரும் அங்கே எதையும் அழித்துவிடக் கூடாது, அதற்காக. ஒன்றை மட்டும் மறக்காதே: நம் கமாண்ட்களை வாங்கி இயக்கும் பாஷில் (bash) நிறக் குறியீட்டுக்கு முன்னால் பேக்ஸ்லாஷும் திறக்கும் சதுர அடைப்பும், பின்னால் பேக்ஸ்லாஷும் மூடும் அடைப்பும் வேண்டும். இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத அந்த எழுத்துகளையும் பாஷ் வரியின் நீளத்தில் கணக்குப் போட்டுவிடும். நீளமான கமாண்ட் அடிக்கும்போது வரி தன் மேலேயே ஏறி விழும். கடைசியில் 0 போட்டு நிறத்தை நிறுத்தவும் வேண்டும்.

அப்புறம் ஃபைலுக்குள் சொல் தேடும் கிரெப் (grep) கமாண்ட். நிறத்தை 'ஆட்டோ' என்றே வை. திரைக்குப் போகிறதா ஃபைலுக்குப் போகிறதா என்று அதுவே பார்த்துக்கொள்ளும். 'ஆல்வேஸ்' என்று வைத்தால் லாக் ஃபைல் முழுக்க அந்த அடைப்பும் எண்ணுமாகக் குப்பை சேரும்.

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பிக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. டெஸ்ட் முடிவு வெறும் நிறமாக வந்தால் அவன் என்ன செய்வான்? அதனால் ஸ்கிரிப்டில் நிறத்தோடு 'பாஸ்', 'ஃபெயில்' என்ற சொல்லையும் சேர்த்தோம். உங்கள் ஆபீஸிலும் இதை உடனே செய்யச் சொல்லு. யாருக்கு அந்தச் சிரமம் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

எந்த டெர்மினல் வைத்திருக்கிறாய் என்று எழுது, என் நிறப் பட்டியலை அனுப்புகிறேன். அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பாண்டி