சனிக்கிழமையை விட்டுக்கொடுங்கள்: கொச்சிச் சுற்றுலா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, மதுரை ஆகிய ஊர்களிலிருந்து கொச்சிக்கு வார இறுதிச் சுற்றுலா நடத்தும் நிறுவனத்தாருக்கும், அவர்களோடு வரும் வழிகாட்டிகளுக்கும், மாணவர்களைக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்லும் பள்ளி நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

வெள்ளி இரவு பேருந்து ஏறுவது, சனி காலை ஃபோர்ட் கொச்சியில் சீனவலை, அதன்பின் மட்டாஞ்சேரி அரண்மனை, அதை அடுத்து ஜூ டவுன் என்னும் யூதர் தெரு, ஞாயிறு அன்று மெரின் டிரைவும் படகும் கடைவீதியும் என்பதுதான் உங்களில் பெரும்பாலோர் வைத்திருக்கும் பயணத் திட்டம். நம் அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் விடுமுறை வாய்க்கும் நாட்களைக் கொண்டு வகுத்த திட்டம் என்பதால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று தோன்றலாம். ஆனால் ஜூ டவுனின் முனையில் நிற்கும் பரதேசி யூதப்பள்ளி (பள்ளி என்பது இங்கே யூதர்களின் தொழுகைக்கூடம்) சனிக்கிழமையன்று பார்வையாளர்களுக்குத் திறக்கப்படுவதில்லை. யூதப் பண்டிகை நாட்களிலும் அப்படியே. வெள்ளியை நம்பிப் போவதற்கும் இல்லை. இது நேற்று வந்த விதியன்று. இருந்தும் ஒவ்வொரு சனிக்கிழமையும் நம் ஊர்ப் பலகை மாட்டிய பேருந்துகள் அங்கே வந்து நிற்கின்றன. பூட்டிய கதவைப் பார்த்து, "இன்னிக்கு லீவு விட்டுட்டாங்க சார்" என்று வழிகாட்டி சொல்ல, நாற்பது பேரும் இரண்டு மணி நேரத்தை மசாலாக் கடைகளிலும் பழம்பொருள் கடைகளிலும் செலவழித்துவிட்டுத் திரும்புகிறார்கள். இந்த மடலில் நான் கேட்கப்போவது முதலில் ஒரு சிறு மாற்றம்தான்: ஜூ டவுனை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுங்கள். அதற்கான காரணம் வசதியை மட்டும் சார்ந்ததன்று என்பதால் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்கு முன் விளக்கேற்றித் தொடங்கி, சனிக்கிழமை இருட்டி வானில் மூன்று நட்சத்திரங்கள் தெரியும் வரை நீள்வது சபாத்து என்னும் யூதர்களின் ஓய்வுநாள். அந்த நேரத்தில் புதிதாக நெருப்பு மூட்டக் கூடாது, பணத்தைத் தொடக் கூடாது, வணிகம் கூடாது, எழுதவும் கூடாது. ஆகவே சனிக்கிழமைக்கான சமையல் வெள்ளி மாலைக்குள் முடிந்து, இரவெல்லாம் ஆறாத சூட்டில் வைக்கப்பட்டிருக்கும். இல்லத் தலைவர் திராட்சை ரசக் கிண்ணத்தைக் கையில் ஏந்தி ஆசிமொழி சொன்ன பிறகே அன்றைய உணவு தொடங்கும். மறுநாள் காலையில் பள்ளியில் கூடி, தங்கள் வேதமான தோராவின் சுருளில் அந்த வாரத்துக்குரிய பகுதியை வாசிப்பார்கள். ஓராண்டில் முழுச் சுருளும் வாசித்து முடியும். முடித்த அன்றே முதல் அதிகாரத்தைத் தொடங்கிவிடும் திருநாளுக்குச் சிம்ஹத் தோரா என்று பெயர். கொச்சியில் அந்த நாளைக் கொண்டாடியதுபோல் வேறெங்கும் கொண்டாடியதில்லை என்று, அங்கிருந்து புறப்பட்டுப்போன முதியவர்கள் பெருமையாகச் சொல்வது வழக்கம். தேங்காய் எண்ணெய் விளக்குகளும் தோரணங்களும் அலங்காரத் துணிகளுமாகப் பள்ளி நிறைந்திருக்கும். பெண்கள் கையெழுத்து நோட்டுப் புத்தகங்களைப் பார்த்து மலையாளத்தில் பாடுவார்கள். ஆண்கள் இருக்கும் இடத்திலேயே பெண்கள் குரலெடுத்துப் பாடியது இந்தச் சமூகத்தின் தனி வழக்கம். யூத உலகின் வேறு பல பகுதிகளில் அதற்கு அனுமதி இருந்ததில்லை.

உங்கள் வழிகாட்டிகள் அந்தப் பள்ளிக்குள் என்ன சொல்கிறார்கள் என்பதைப் பலமுறை கூடவே நின்று கேட்டிருக்கிறேன். 1568இல் கட்டியது, கையால் வரைந்த சீன ஓடுகள், ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது, பெல்ஜியம் சரவிளக்கு, இஸெக்கியேல் ரஹாபி கட்டிய மணிக்கூண்டு என்று தரையிலிருந்து கூரைவரை பொருட்களின் பட்டியல் வருகிறது. எல்லாம் சரிதான். அந்த ஓடுகளின் மீது யார் உட்கார அனுமதிக்கப்பட்டார்கள், யார் அனுமதிக்கப்படவில்லை என்பது மட்டும் வருவதில்லை. அடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் என்பதற்காகச் சில குடும்பத்தாரை அதே பள்ளியில் சமமாக அமரவிடாமல் நெடுங்காலம் வைத்திருந்தார்கள். அக்குடும்பங்களில் ஒன்றிலிருந்து வந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம் (1882–1967) காந்திய வழியில் பள்ளிக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்து அந்த வழக்கத்தை உடைத்தார். கொச்சி சட்டமன்றத்திலும் உறுப்பினராக இருந்தார். கோயில் நுழைவுப் போராட்டங்களைப் பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு வரும் நம் மாணவர்களுக்கு இதைவிட எளிதில் விளங்கக்கூடிய செய்தி அந்தக் கட்டடத்துக்குள் வேறு இல்லை. சீன ஓட்டுக்கு ஒதுக்கும் ஐந்து நிமிடத்தில் இரண்டை இதற்குக் கொடுங்கள்.

அதேபோல், அந்தப் பள்ளியார் பாதுகாத்துவரும் செப்பேடுகளைப் பற்றிப் பேசும்போது, "பழைய காலத்து ராஜா கொடுத்தது" என்று சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டிச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், முயிரிக்கோட்டில் (இன்றைய கொடுங்கல்லூர்ப் பகுதி) இருந்தபோது, ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்கு அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழு உரிமையையும் எழுபத்திரண்டு உரிமைகளையும் வழங்கிய ஆவணம் அது. வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. எழுத்துப்பெயர்த்துப் படித்துக் காட்டினால் தமிழறிந்த எவருக்கும் பாதிக்குமேல் புரியும்: பகல்விளக்கு, பாவாடை, அந்தோளகம், குடை, வடுகப்பறை, தோரணம், தோரணவிதானம் என்று அந்த உரிமைகள் வரிசையாக வருகின்றன. தமிழ்நாட்டுப் பயணிகளிடம் இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு சரவிளக்கின் விலையைப் பற்றி ஊகம் சொல்லிக்கொண்டிருப்பது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

இனி, எனக்கு மிகவும் வருத்தம் தருவதைச் சொல்கிறேன். "இதுதான் கடைசி யூதர் வீடு" என்று விரல் நீட்டிக் காட்டுவதும், ஜன்னலுக்குள் எட்டிப் பார்ப்பதும், செல்பேசியை உயர்த்துவதும் அந்தத் தெருவில் நெடுநாளாக நடந்துவருகின்றன. 2019 ஆகஸ்டில் தமது 96ஆம் வயதில் மறைந்த சாரா கோஹன் அம்மையார், யூதர்கள் தலையில் அணியும் குல்லாக்களையும் ஓய்வுநாள் அப்பத்தை மூடும் துணிகளையும் பூத்தையலிட்டு விற்றுக்கொண்டு தம் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்திருந்த ஆண்டுகளில், அவரைப் பொருட்காட்சிப் பொருளாகப் பார்த்துவிட்டுப் போனவர்களே மிகுதி. 2024 ஆகஸ்டில் குயினி ஹலேகுவா அம்மையாரும் 89 வயதில் காலமானார். இப்படி ஒவ்வொருவராக மறையும்போது நாளேடுகள் எத்தனை பேர் மீதம் என்று எண்ணிக்கை போடுகின்றன. வழிகாட்டிகள் அந்த எண்ணைத் திருத்திக்கொண்டு தொடர்கிறார்கள். அந்த எண்ணிக்கை அச்சமூகத்தினருக்கு என்ன பொருள் தருகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

யூத மரபில் பெற்றோரை இழந்த மகன் பதினொரு மாதமும், அதன்பின் ஆண்டுதோறும் இறந்த நாளிலும் கத்திஷ் என்னும் துதியைச் சொல்ல வேண்டும். அரமேய மொழியில் அமைந்த அந்தத் துதியில் சாவைப் பற்றியோ இறந்தவரைப் பற்றியோ ஒரு சொல்கூடக் கிடையாது. முழுதும் இறைவனின் பெயரைப் போற்றுவதுதான். ஆனால் அதைத் தனியாக நின்று சொல்ல முடியாது. கொச்சியார் பின்பற்றிய மரபின்படி வயதுவந்த ஆண்கள் பத்துப்பேர் கூட வேண்டும். ஒன்பது பேர் இருந்தால் கத்திஷும் இல்லை, தோராச் சுருளை எடுத்து முறைப்படி வாசிப்பதும் இல்லை. 1950 வாக்கில் கேரளத்தில் சுமார் 2,500 யூதர்கள் இருந்தார்கள், மட்டாஞ்சேரி முதல் மாளை வரை எட்டுப் பள்ளிகள் இயங்கின. அடுத்த சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்ட பிறகு, எஞ்சியவர்களுக்கு வாரந்தோறும் எழுந்த கேள்வி இந்தப் பத்தைப் பற்றியதுதான். எர்ணாகுளத்திலிருந்து ஆள் வர வேண்டும். அல்லது வெளிநாட்டிலிருந்து வந்த யூதப் பயணி எவரேனும் அன்று உள்ளே வந்து அமர வேண்டும். யாரோ ஒரு சுற்றுலாப் பயணி பத்தாவது ஆளாக நின்றதால் ஒருவருடைய தந்தைக்கு நினைவுத்துதி சொல்ல முடிந்தது என்ற நிலை அங்கே இருந்திருக்கிறது. மூடிய கதவை வெளியிலிருந்து தட்டுகிற நம் பேருந்துக் கூட்டத்துக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இடுகாடுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மட்டாஞ்சேரிக் குடியிருப்புகளுக்கு இடையே, சுற்றியிருந்த இடுகாடு மறைந்துபோன பிறகும் தனியாக நிற்கும் ஒரு கல்லறை இருக்கிறது. 1615இல் மறைந்த நெஹெமியா மோத்தா என்ற ஞானியாருடையது. யூதர்கள் ஊரைவிட்டுப் போன பின்னும் அக்கம்பக்கத்து இந்துக்களும் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் அங்கே மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொள்கிறார்கள். உங்கள் திட்டத்தில் அது இல்லை. நுழைவுக் கட்டணம் இல்லாததால் விட்டுப்போயிருக்கலாம். ஆட்களை அங்கே அழைத்துப் போங்கள், ஆனால் பத்துப் பத்துப் பேராக. சந்து குறுகியது, இரு பக்கமும் குடும்பங்கள் வாழ்கின்றன. கல்லறை மீது சாய்ந்து படம் எடுக்கக் கூடாது என்பதைப் பேருந்திலேயே சொல்லிவிடுங்கள். மாளை ஊரில் 1955இல் புறப்பட்ட யூதர்கள் தங்கள் பள்ளியையும் இடுகாட்டையும் காக்கும்படி ஊராட்சியிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பின்னாளில் இடுகாட்டு நிலத்தின் ஒரு பகுதி விளையாட்டுத் திடலுக்காக எடுக்கப்பட்டு, அதை எதிர்த்து அவ்வூர்க்காரர்களே போராட நேர்ந்தது. சென்னைத் தங்கசாலைப் பகுதியில் இருந்த பழைய யூதக் கல்லறைகளும் இடம்பெயர்க்கப்பட்டு இன்று லாயிட்ஸ் சாலையில் ஒரு மூலையில் இருக்கின்றன என்பதால், கேரளத்தாரை மட்டும் குறை சொல்லும் தகுதி நமக்கு இல்லை.

அப்படியானால் சனிக்கிழமையை எப்படி நிரப்புவது என்று கேட்பீர்கள். பறவூருக்கும் சேந்தமங்கலத்துக்கும் போங்கள். முசிறிப் பாரம்பரியத் திட்டத்தில் அரசு புதுப்பித்த இரண்டு பள்ளிகளும் இப்போது அருங்காட்சியகங்கள். வழிபாடு நடப்பதில்லை, ஆகவே ஓய்வுநாளில் நுழைந்தாலும் எவருடைய தொழுகைக்கும் இடையூறு இல்லை. திங்கட்கிழமைதான் விடுமுறை. பறவூரில் வாயில் மாடத்தைக் கடந்து, தூண்கள் தாங்கிய நீண்ட கூரைநடை வழியே தொழுகைக்கூடத்தை அடையும்போது, நடுவில் ஒரு வாசிப்பு மேடையும் மாடியில் இன்னொன்றும் இருப்பதைக் காட்டுங்கள். இரட்டை மேடை கேரளப் பள்ளிகளுக்கே உரியது. அங்கிருந்த பழைய தோராப் பேழை இப்போது ஜெருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில், மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் பள்ளியின் மர வேலைப்பாடுகளோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கடவும்பாகக் கட்டடமோ 2019 மழையில் முகப்பு இடிந்து விழுந்தது. சேந்தமங்கலம் பள்ளி முற்றத்தில் 1269ஆம் ஆண்டுக் கல் ஒன்று நிற்கிறது. இஸ்ரேலின் மகள் சாரா என்று எபிரேய எழுத்தில் பெயர் மட்டும் தெரிகிற ஒரு பெண்ணுடைய நினைவுக்கல். எழுநூற்றைம்பது ஆண்டு கடந்த அந்தப் பெயரை மாணவர்கள் ஒருமுறை வாய்விட்டுப் படிக்கட்டும்.

ஞாயிறு அன்று நேரம் மிஞ்சினால் எர்ணாகுளம் மார்க்கெட் சாலையில் உள்ள, அதே பெயர் கொண்ட வேறொரு கடவும்பாகம் பள்ளியையும் பார்க்கலாம். முன்கட்டில் அலங்கார மீன்களும் செடிகளும் விற்கும் கடை. தொட்டிகளுக்கு இடையே நடந்துதான் உள்ளே போக வேண்டும். பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து புதுப்பிக்கப்பட்ட அந்தப் பள்ளிக்கு 2018இல் மீண்டும் ஒரு தோராச் சுருள் வந்து சேர்ந்தது. முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட்டுச் செல்லுங்கள்.

கடைசியாக, கொச்சி யூதர்கள் அழிந்துபோனார்கள் என்று சொல்வதை நிறுத்துங்கள். நெகேவ் பாலைவனத்தில் நெவாத்திம் என்ற ஊரிலும், மெசிலாத் சியோன், தாஓஸ், யுவால் போன்ற ஊர்களிலும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். நெவாத்திமில் கொச்சி முறையில் ஒரு பள்ளி கட்டி, அருகே தங்கள் வரலாற்றுக்கு ஓர் அருங்காட்சியகமும் அமைத்திருக்கிறார்கள். மட்டாஞ்சேரியில் பிறந்து 1951இல் இஸ்ரேலுக்குப் போய்ச் சேர்ந்த ரூபி டேனியல் அம்மையார் முதுமையில் அந்த மலையாளப் பாட்டுகளைத் திரட்டி மொழிபெயர்த்தார். அங்கிருந்து பாட்டன் பாட்டியின் கல்லறையைத் தேடிக் கொச்சிக்கு வருகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு; உங்கள் பேருந்து இறங்கும் அதே தெருவில்தான் அவர்களும் இறங்குகிறார்கள்.

அரையாண்டு விடுமுறைக்கான துண்டறிக்கைகளை அச்சிடும் முன் "சனி: ஜூ டவுன்" என்ற வரியை "சனி: பறவூர், சேந்தமங்கலம், ஞாயிறு: ஜூ டவுன்" என்று திருத்தித் தருமாறும், கையும் காலும் மூடிய உடையுடன் வர வேண்டும், செருப்பைக் கழற்ற வேண்டும் என்பவற்றை அதன் கீழேயே சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பேருந்துகளில் அடிக்கடி கொச்சி வரும் கோவை ஆசிரியர் ஒருவர்