கப்பல் இரண்டாம் கட்டிலேயே இருக்கட்டும்: எங்கள் வீட்டுப் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெரியப்பா, சித்தப்பாமாருக்கும், அண்ணன் தம்பிகளுக்கும், வீட்டு ஆச்சிமாருக்கும் வணக்கம்.

நம் பங்கு வீட்டின் இரண்டாம் கட்டில் (முற்றத்தைத் தாண்டிய உள்பகுதியில்) லெகோ என்னும் பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகளால் நாங்கள் கட்டி வைத்திருக்கும் கப்பலைப் பற்றி, போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த குரல் செய்தியை நானும் கேட்டேன். “ஐம்பத்திரண்டு வயது ஆளுக்கு என்ன பொம்மை விளையாட்டு? அதுவும் மண்டையோட்டுக் கொடி கட்டின கொள்ளைக்காரன் கப்பல். படைப்புக்கு முன்னால் எடுக்கச் சொல்லுங்கள்.” (படைப்பு என்றால் முன்னோருக்குப் படைத்துப் பங்காளிகள் கூடி உண்ணும் நாள்.) அதற்குக் கீழே பதினேழு கட்டைவிரல்கள். அதில் இரண்டு என் கூடப்பிறந்த தம்பிகளுடையவை. குழுவில் பதில் போட்டால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும். தவிர, பூட்டிக் கிடக்கும் பங்கு வீடும் அதில் யார் என்ன வைப்பது என்ற சண்டையும் நமக்கு மட்டும் உரியதா? காரைக்குடியைச் சுற்றி எத்தனையோ வீடுகளில் இதே கதைதான். அதனால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன். பெயர் எதுவும் சொல்லவில்லை, பயப்பட வேண்டாம்.

முதலில், பார்க்காமலே கட்டைவிரல் போட்டவர்களுக்காக. இரண்டாம் கட்டில், உரல் கிடந்த மூலையில், மேசை மேல் நிற்பது 94 சென்டிமீட்டர் நீளக் கப்பல். மூன்று பாய்மரம், பக்கத்துக்கு ஒன்பது பீரங்கி வாய். ஏறக்குறைய 4,000 கட்டைகள் இருக்கும். எண்ணும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் வேறு கணக்கு வருகிறது. கடையில் பெட்டியாக விற்கும் கப்பல் இல்லை இது. குறிப்புப் புத்தகம் எதுவும் கிடையாது. நாங்களே யோசித்து, கட்டி, பிரித்து, திரும்பக் கட்டியது.

“நாங்கள்” என்றால் தெருப் பிள்ளைகள் பதினொரு பேர், வங்கியில் ஓய்வுபெற்ற ஒருவர், நம் வீட்டுக் கதவு நிலைகளைப் பழுதுபார்க்க வந்து அப்படியே உட்கார்ந்துவிட்ட ஆசாரி, மடிக்கணினியில் கப்பலை முன்கூட்டியே கட்டிப் பார்க்கும் ஒரு கல்லூரிப் பெண். சனிக்கிழமை மூன்று மணிக்குக் கூடுவோம். பாதி நேரம் கட்டுவோம், மீதி நேரம் சண்டை போடுவோம். கட்டையை அறுக்கலாமா, பசை போடலாமா என்று ஒரு மழைக்காலம் முழுக்க வாக்குவாதம் நடந்தது. கட்டையை அறுக்கக் கூடாது, பசை கூடாது, நூலையும் துணியையும் மட்டும் வெட்டிக்கொள்ளலாம் என்று முடிவானது. ஆசாரிக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அறுக்காமல் என்ன தச்சு என்கிறார்.

லெகோவே ஒரு தச்சர் தொடங்கியதுதான் என்று அவரிடம் சொன்னேன். டென்மார்க்கில் பில்லுண்ட் என்கிற ஊரில் 1932இல் மரப் பொம்மை செய்யத் தொடங்கிய பட்டறை அது. இப்போது நாம் பார்க்கும் பிளாஸ்டிக் கட்டைக்கு 1958இல் காப்புரிமை கோரினார்கள். அன்றைக்குச் செய்த கட்டை இன்றைய கட்டையோடு இன்றும் பொருந்தும். கடற்கொள்ளையர் வரிசை வந்தது 1989இல். அதுவரை அந்தச் சின்ன மனித உருவங்களுக்கெல்லாம் ஒரே புன்னகைதான். தாடியும், கண்மறைப்பும், கொக்கிக் கையும், மரக்காலும் அந்த வருஷம்தான் வந்தன. சிவப்புக் கோடு போட்ட பாயோடு ‘பிளாக் சீஸ் பாரகூடா’ என்று ஒரு கப்பல். சிங்கப்பூர்ப் பெரியப்பா அதைத் தன் மகனுக்காக வாங்கி, விடுமுறைக்கு இந்த வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். இதே பட்டாலைக் கூடத்தில் வைத்துக் கட்டினார்கள். எனக்கு அப்போது பதினேழு வயது. தொடவிடவில்லை. தொடவிடாதவர் இப்போது குழுவில்தான் இருக்கிறார். அண்ணே, பகை எதுவும் இல்லை. ஆனால் தொடக்கம் அங்கேதான்.

இனி, இது பொம்மை விளையாட்டுதான் என்பவர்களுக்கு. பொம்மைதான், மறுக்கவில்லை. அதில் என்ன வேலை இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

பெட்டியில் வரும் கப்பலுக்கு அடிப்பாகம் அச்சில் வார்த்த பெரிய துண்டுகளாக வரும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவில் வேண்டிய அளவு. நடுத்துண்டைக் கூட்டினால் கப்பல் நீளும், ஆனால் அகலம் கூடாது. எங்கள் முதல் கப்பல் அப்படித்தான் வெண்டைக்காய் மாதிரி வந்தது. சரி, அடிப்பாகத்தையும் நாமே கட்டுவோம் என்று இறங்கினோம். கட்டையின் மேல் கட்டையை அடுக்குவது எல்லோருக்கும் தெரியும். அப்படி அடுக்கினால் சுவர் வரும், கப்பல் வராது. கப்பலின் வயிறு நீளவாக்கிலும் வளைகிறது, உயரவாக்கிலும் வளைகிறது. அதனால் பக்கப் பலகைகளைத் தனித்தனியாகக் கட்டி, உள்ளே இருக்கும் விலா எலும்புகளில் கீல் வைத்துப் பக்கவாட்டில் தொங்கவிட வேண்டும்.

அங்கேதான் கணக்கு வருகிறது. கட்டையின் தலையில் இருக்கும் குமிழைப் பிள்ளைகள் புள்ளி என்கிறார்கள். (நம்மில், கோயில் வரிக் கணக்கில், கல்யாணம் ஆனால்தான் ஒருவன் ஒரு புள்ளி. இங்கே கட்டைக்கே எட்டுப் புள்ளி.) புள்ளிக்குப் புள்ளி 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரமோ 9.6. மெல்லிய தட்டு அதில் மூன்றில் ஒரு பங்கு, 3.2. பக்கவாட்டில் திருப்பிய கட்டை நிமிர்ந்த கட்டையோடு சேராமல் மயிரிழை இடைவெளி விட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு சனிக்கிழமை மண்டையை உடைத்தோம். கடைசியில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண்தான் கத்தினாள்: “ஐந்து தட்டு, ரெண்டு புள்ளி!” ஐந்து தட்டு அடுக்கினால் 16, இரண்டு புள்ளியும் 16. உலகம் முழுக்க இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்கெல்லாம் தெரிந்த சூத்திரம்தான். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவளாகக் கண்டுபிடித்தாள். நம் பட்டாலைச் சுவரில் பென்சிலால் எழுதியும் வைத்திருக்கிறாள். முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைத்த சுவராச்சே என்று ஆச்சி திட்டுவார்கள், தெரியும். துடைத்துவிட்டேன், லேசாகத் தெரிகிறது.

அந்தக் காலப் பீரங்கிக் கப்பல்களின் உடம்பு நீர்மட்டத்துக்கு மேலே போகப் போக உள்வாங்கும். பீரங்கியின் பாரம் ஓரத்துக்குப் போகாமல் நடுவை ஒட்டி நிற்க வேண்டும், அதற்காக. படத்தைப் பார்த்த உடனேயே ஆசாரி, “பானை வயிறு” என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு வரைபடமே தேவைப்படவில்லை.

சித்திரையில் ஒரு நாள், முன்னும் பின்னுமாகப் பிடித்துத் தூக்கினேன். நடுவில் இரண்டாகப் போய்விட்டது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்தார்கள். முதுகெலும்பு இல்லாமல் கட்டியது என் தப்பு. அடுத்த வாரம் பிள்ளைகளைத் தொண்டிக்கு அழைத்துப் போனேன். கரையில் ஏற்றி வைத்திருந்த படகின் அடியைத் தடவிக் காட்டி, இதுதான் ஏரா, முன்பக்கம் அணியம் என்று கடல்காரர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். திரும்பி வந்து துளை போட்ட நீளச் சட்டங்களைக் கோத்து ஏரா வைத்தோம். இப்போது அணியத்தைப் பிடித்து ஒற்றைக் கையால் தூக்கலாம். தூக்க வேண்டாம் என்று எழுதி ஒட்டியும் இருக்கிறேன்.

பாய்மரம் ஏறினதும் இன்னொரு சிக்கல், கப்பல் சாய்ந்தது. சுவீடன் நாட்டில் வாசா என்கிற பெரிய போர்க்கப்பல் 1628இல் முதல் பயணத்திலேயே, துறைமுகத்தைத் தாண்டும் முன்னே கவிழ்ந்து மூழ்கியது. மேல்பாரம் அதிகம். 1961இல் தூக்கி எடுத்து ஸ்டாக்ஹோமில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கதையைச் சொன்ன மறுநாளே ஒரு பையன் தன் அப்பாவின் பட்டறையிலிருந்து ஒரு டப்பா இரும்பு நட்டு கொண்டுவந்துவிட்டான். அடியில் கொட்டினோம், நிமிர்ந்து நின்றது. பாய்க்கு அப்பத்தாவின் கிழிந்த கண்டாங்கித் துண்டு. பார்டர் தடிமனாக இருந்து பருமலில் (பாய் கட்டும் குறுக்குக் கழியில்) மடங்க மறுத்தது. உள்துணியை மட்டும் வெட்டி, கஞ்சி போட்டு இஸ்திரி செய்தோம். காற்று அடித்த மாதிரி புடைத்து நிற்கிறது. கடைப் பாயைவிட அழகு என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்தது கொள்ளைக்காரன் விஷயம். கப்பல்தான் கட்ட வேண்டும் என்றால் சோழர் கப்பல் கட்டலாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கடாரம் வென்ற 1025ஆம் ஆண்டையும் நினைவூட்டியிருக்கிறார். மரியாதையோடு சொல்கிறேன்: சோழர் கப்பலுக்குக் கையில் வைத்துக்கொண்டு கட்டும்படியான வரைபடம் கிடையாது. மேடைகளில் வைக்கும் மாதிரிகளில் பெரும்பகுதி ஊகம். ஊகித்துக் கட்டிவிட்டு இதுதான் எங்கள் பாட்டன் கப்பல் என்று பிள்ளைகளிடம் கதைவிட எனக்கு வாய் வரவில்லை. கொள்ளைக்காரன் கப்பலில் அந்தப் பாரம் இல்லை. தப்பாகக் கட்டினால் சிரித்துவிட்டுப் பிரிக்கலாம்.

யார் கொள்ளைக்காரன் என்பதும் எழுதுகிறவன் கையில்தான் இருக்கிறது. கோழிக்கோட்டு சாமூதிரி மன்னரின் கடற்படைத் தலைவர் குஞ்ஞாலி மரக்கார், போர்த்துகீசியருக்குக் கொள்ளைக்காரர். மராட்டியக் கடற்படைத் தலைவர் கன்னோஜி ஆங்கரே, ஆங்கிலேயருக்குக் கொள்ளைக்காரர். கரீபியன் பக்கத்து அசல் கொள்ளையரோ, பங்கு விஷயத்தில் நம்மைவிட ஒழுங்கு. பார்த்தலோமியோ ராபர்ட்ஸ் என்று ஒரு தலைவன், 1722இல் செத்தவன். அவன் கப்பலில் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தது. தலைவனுக்கு இரண்டு பங்கு, பீரங்கிக்காரனுக்கு ஒன்றரை, இப்படிப் போகும். காசு வைத்துச் சீட்டும் பகடையும் ஆடக் கூடாது. இரவு எட்டு மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும். நம் வீட்டுக் கல்யாணங்களில் முகப்பில் விடிய விடிய என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பதினெட்டுப் பங்கு இருக்கும் இந்த வீட்டில், ஓடு மாற்ற யார் எவ்வளவு தருவது என்று எழுதின ஒரு காகிதம் நம்மிடம் உண்டா?

ஒரு குற்றச்சாட்டை ஒப்புக்கொள்கிறேன். ஐயா கடல் கடந்து கொண்டுவிற்க (வியாபாரத்துக்கு)ப் போனபோது எடுத்துப்போன கப்பல் பெட்டியில் பிளாஸ்டிக் கட்டைகளைக் கொட்டி வைத்திருந்தது தப்புதான். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, பதினோரு வருஷம் கழித்துத் திரும்பி வந்த பெட்டி அது. காலியாகக் கிடக்கிறதே என்று நினைத்துவிட்டேன். கட்டைகளை எடுத்து, நிறம் பிரித்து, ஓலைக் கொட்டான்களில் போட்டுவிட்டேன். பெட்டி பழையபடி அவர் அறையில் இருக்கிறது.

செலவைப் பற்றியும் பேச்சு வந்தது. வீட்டுப் பொதுப்பணத்தில் ஒரு பைசா எடுக்கவில்லை. இறக்குமதிப் பொம்மைக்கு வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. புதுப்பெட்டி வாங்கிக் கட்டுப்படியாகாது. எங்கள் கட்டைகளில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் வீட்டில் பிள்ளைகள் வளர்ந்த பிறகு ஒதுக்கிவிட்ட மிச்சம். மின்சாரக் கட்டணத்தை நான்தான் கட்டுகிறேன்.

இதையெல்லாம்விட நீங்கள் கேட்க வேண்டியது ஒன்று. போன ஐப்பசியில் கப்பலின் மேல்தளத்தில் தண்ணீர் சொட்டியது. அண்ணாந்து பார்த்தால் இரண்டு நாட்டு ஓடு நகர்ந்து, பர்மாத் தேக்கு உத்திரத்தின் முனை ஊறியிருந்தது. அன்றைக்கே ஆள் ஏற்றி மாற்றினேன். சனிக்கிழமை தோறும் கதவு திறக்காமல் இருந்திருந்தால், அடுத்த கல்யாணத்துக்கு வந்து பார்க்கும்போது உத்திரம் இருந்த இடத்தில் வானம் தெரிந்திருக்கும். இரண்டாம் கட்டில் வௌவால் வருவது நின்று ஒரு வருஷமாகிறது. கரையான் ஏறின ஒரு நிலையை ஆசாரி காசு வாங்காமல் சரி செய்தார். பதிலுக்கு அவர் கேட்டது பின்கட்டில் ஒரு விளக்கு, அவ்வளவுதான்.

ஆகவே என் வேண்டுகோள். கப்பல் இரண்டாம் கட்டு மூலையிலேயே இருக்கட்டும். சனிக்கிழமை மூன்றிலிருந்து ஆறு வரை வீடு திறந்திருக்கட்டும். வளவுக்குள்ளும், பூட்டிய அறைகள் பக்கமும் பிள்ளைகள் போக மாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு. கல்யாணம், சாந்தி என்றால் முதல் நாளே மேசையோடு தூக்கி என் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறேன். படைப்புக்கு அதையும்விட முன்னால், மூன்று நாளைக்கு முன்பே எடுத்துவிடுகிறேன். மண்டையோட்டுக் கொடியை இன்றைக்கே இறக்கியாயிற்று. கடல் வழக்கத்தில் கொடியை இறக்கினால் சரணடைந்ததாக அர்த்தம். பங்காளிகளிடம் சரணடைவதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

படைப்பன்று எல்லோரும் கூடும்போது இலை எடுத்த பிறகு பத்து நிமிஷம் இதைப் பேசிவிடலாம். வேண்டாம் என்று முடிவானால் அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிடுகிறேன். அதற்கு முன் ஒரு சனிக்கிழமை யாராவது இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போங்கள். சிங்கப்பூர் அண்ணன் வந்தால் பின்பாய்மரம் அவர் கையாலேயே ஏற்றலாம்.

இப்படிக்கு,
மூன்றாம் பங்கு வீட்டு இளையவன்

பின்குறிப்பு: முற்றத்து ஜலதாரையைத் தூர் எடுக்க ஆள் வரும்போது, விரல் நீளத்துக்குக் கறுப்பாக ஒரு பீரங்கி கிடைத்தால் எறிந்துவிட வேண்டாம். ஆவணி மழையில் போனது, இடப்பக்கம் நான்காவது வாய் இன்னும் காலியாக இருக்கிறது.