இந்தப் போகிக்கு வீட்டில் ஒரு மேளம்

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கு,

வணக்கம்.

போகிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. கடைத்தெருவில் அதற்குள் மேளம் வந்துவிட்டது. மண் வளையத்தில் தோல் ஒட்டி, கூடவே ஒரு குச்சி வைத்துத் தருவார்களே, அதேதான். இந்தப் பக்கத்து ஊர்களில் வளர்ந்த யாருக்கும் அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடிவதற்கு முன்னால் எழுந்து, தெருமுனைத் தீயில் மேளத்தைக் காட்டிக் காட்டிச் சூடேற்றி அடித்தவர்கள்தான் நாம் எல்லோரும்.

அந்த மேளத்தை விற்பவருக்கு வருஷத்தில் இந்தச் சில நாள்தான் வியாபாரம். அதனால் வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். அதோடு கூட வீட்டில் ஒரு மேளம் செய்யுங்கள் என்று கேட்கிறேன். நீங்கள் செய்து பிள்ளையிடம் கொடுப்பது இல்லை. பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, அதன் கையால் செய்ய வேண்டும்.

போகிக்குக் கொளுத்த ஒதுக்கி வைத்திருக்கும் பழைய சாமான்களிலேயே இதற்கு வேண்டியது எல்லாம் கிடைக்கும். காலி பால் பவுடர் டப்பா போதும். அடி உடைந்த மண்பானை இருந்தால் இன்னும் நல்லது, அதன் ஓசையே தனி. டப்பாவின் விளிம்பு கையைக் கிழிக்கும்படி இருந்தால் பெரியவர்கள் முதலில் தட்டி மடக்கிவிடுங்கள். பழைய வேட்டித் துணியில் ஒரு சதுரம் கிழித்து, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, வாயின் மேல் இழுத்துப் போர்த்திச் சணல் கயிற்றால் கட்டுங்கள். ஒருவர் துணியை இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் சுற்ற வேண்டும். தனியாளாக இதைச் செய்யவே முடியாது, எனக்கு இதில் மிகவும் பிடித்த இடமும் அதுதான். கம்பெனி ஷிப்ட் முடிந்து வரும் அப்பாவும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கட்டும். அப்பா இல்லாத வீட்டில் ஆயா பிடிக்கட்டும்.

பிறகு பசை. இரண்டு கரண்டி மைதாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, அடுப்பில் வைத்துக் கிளறினால் கூழ் போல வரும். அடுப்பு வேலை உங்களுடையது. ஆறிய பிறகு பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். துணி மேல் அதைக் கையால் பூசட்டும். பழைய செய்தித்தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து ஒட்டட்டும். மூன்று நான்கு அடுக்கு போதும். கிழிக்கிற வேலையைக் கத்தரிக்கோலால் சுலபமாக்கிவிட வேண்டாம். எங்கள் ஒன்றாம் வகுப்பில் பல பிள்ளைகள் நாலு வரி எழுதுவதற்குள் விரல் வலிக்கிறது என்று கையை உதறுகிறார்கள். தாள் கிழித்து, பசை தேய்த்து, கயிறு முடிந்த விரல்தான் பென்சிலையும் வலிக்காமல் பிடிக்கும்.

முழுதாக ஒரு நாள் வெயிலில் காய வையுங்கள். கஞ்சி போட்ட வேட்டி மொடமொடவென்று நிற்பது போல, பசை காயக் காயத் துணியும் விறைத்துக்கொள்ளும். அவசரப்பட்டு ஈரத்தில் அடித்தால் தொய்ந்து போகும், பிள்ளையும் முகம் வாடிவிடும். மார்கழிப் பனியில் இரவு வெளியே விட்டாலும் அப்படித்தான். மறுநாள் வெயிலில் வைத்தால் ஓசை திரும்பி வரும். தோல் மேளத்தைத் தீயில் காட்டுவதும் அதே காரணத்துக்காகத்தான்: ஈரம் போனால் தோல் இறுகும், இறுகினால் ஓசை கணீரென்று ஏறும். ஆனால் நம் மேளம் துணியும் தாளும் ஆனது. கடை மேளத்தைப் பார்த்துப் பிள்ளை இதையும் தீயில் காட்டப் போகும். தயவுசெய்து கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காய்ந்த மேளத்தின் மேல் ஒரு சிட்டிகை கேழ்வரகு போட்டு, விளிம்பில் தட்டச் சொல்லுங்கள். மணிகள் குதிக்கும். ஒலி என்பது அதிர்வு என்று நான் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதை விட அது மேல். பிள்ளையின் பெயரைத் தட்டச் சொல்லுங்கள். ம-தி என்றால் இரண்டு தட்டு, இ-னி-யா என்றால் மூன்று. தாத்தா பெயர், ஆட்டுக்குட்டியின் பெயர் என்று அதுவே தேடிக்கொண்டு போகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போன வருஷம் பள்ளிப் பொங்கலுக்கு ஒரு பிள்ளை தன் வீட்டு மேளத்தைக் கொண்டு வந்தது. கூட நின்ற பிள்ளை ஒன்று, "அது சாவு மேளம், தொடாதே" என்றது. மேளம் கொண்டு வந்த பிள்ளை அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த வார்த்தை வேறு எங்கிருந்தும் வந்திருக்காது, வீட்டிலும் தெருவிலும் நாம் பேசியதுதான். கடவுளைக் குழந்தையாக வைத்துப் பாடிய நம் புலவர்கள், ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஒன்றுக்கு வைத்த பெயர் சிறுபறை. சின்னக் கையால் சின்னப் பறையைக் கொட்டு என்று முருகனையே கெஞ்சியிருக்கிறார்கள். மதுரையின் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பறை அடிப்பவர் யார், அடிக்கக் கூடாதவர் யார் என்ற பேச்சு நம் பிள்ளைகளின் காதில் விழ வேண்டாம். இதை நான் தலைமையாசிரியராகக் கேட்கவில்லை, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவளாகக் கேட்கிறேன்.

சத்தம் தொல்லைதான். தெருவில் உடம்பு முடியாதவர்களோ, கைக்குழந்தையோ, பரீட்சைக்குப் படிக்கிற அக்கா அண்ணன்களோ இருந்தால், மாலையில் அரை மணி நேரம் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த அரை மணி நேரத்தில் "போதும், நிறுத்து" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மேளம் கோணலாக இருந்தால் கோணலாகவே இருக்கட்டும். பொங்கல் விடுமுறைக்கு முந்தைய நாள் பள்ளியில் பொங்கல் வைக்கிறோம், அன்று காலை பிள்ளைகளோடு மேளத்தையும் அனுப்புங்கள். வரக்கூடிய பெற்றோர் நீங்களும் வாருங்கள். வீட்டில் டப்பா கிடைக்காதவர்களுக்காகப் பள்ளியில் கொஞ்சம் கழுவிச் சேர்த்து வைத்திருக்கிறோம். பிள்ளையை அழைத்துப் போக வரும்போது வகுப்பாசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்