திருவனந்தபுரமா, வாகைக்குளமா?

நாகர்கோவில்

அன்பு மக்கா,

கடிதம் கிடைத்தது. ஐப்பசியில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறாய் என்பது நல்ல சேதி. இங்கே சாரல் விட்டபாடில்லை, பழையாறு நிறையப் போகிறது. சென்னையிலிருந்து தூத்துக்குடிதானே பக்கம், பிறகு ஏன் திருவனந்தபுரத்துக்குப் பறக்கும் நேரம் குறைவு என்று கேட்டிருந்தாய்.

தூரத்தை நீயே போட்டுப் பார்க்கலாம். ஒரு டிகிரிக்கு 111 கி.மீ.; கிழக்கு மேற்கு வித்தியாசத்தை மட்டும் 0.98-ஆல் பெருக்கிக்கொள். மீனம்பாக்கத்துக்கும் தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்துக்கும் வடக்கு தெற்காக 4.27 டிகிரி, கிழக்கு மேற்காக 2.15. பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் கணக்குப்படி சுமார் 530 கி.மீ. திருவனந்தபுரத்துக்கு 4.51, 3.25, விடை சுமார் 613.

வித்தியாசம் விமானத்தில் இருக்கிறது. வாகைக்குளம் ஓடுதளம் நெடுங்காலம் 1,350 மீட்டர்தான். அதில் ஏடிஆர் 72 என்ற சின்ன விசிறி விமானம் இறங்கும், ஏர்பஸ் 320 என்ற பெரிய ஜெட் இறங்காது. ஏடிஆரின் வேகம் மணிக்கு 500 கி.மீ., ஏர்பஸ்ஸுக்கு 830. அதற்காக 613-ஐ 830-ஆல் வகுத்துவிடாதே. 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது 463 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது. 35,000 அடியிலிருந்து இறங்க, ஆயிரம் அடிக்கு மூன்று கடல்மைல் (ஒன்று 1.85 கி.மீ.) வீதம் 195 கி.மீ. வேண்டும். ஏறவும் ஏறக்குறைய அவ்வளவு. முழு வேகம் நடுவில் மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்குத்தான். டிக்கெட்டில் போடும் நேரம், விமானம் நிறுத்தத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுபடி நிற்பதுவரை. சென்னையில் ஓடுதளத்துக்கு ஊர்ந்து வரிசையில் நிற்பதும் அதில் சேரும். எல்லாம் சேர்த்து ஏர்பஸ்ஸுக்கு ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை, ஏடிஆருக்கு ஒன்றரை மணியை ஒட்டி. 2025 ஜூலையில் தூத்துக்குடியில் புது முனையம் திறந்து ஓடுதளத்தையும் நீட்டியாச்சு. அதனால் முன்பதிவில் விமானத்தின் பெயரைப் பார். ஏர்பஸ் என்றிருந்தால் இந்தக் கணக்கே மாறும்.

ஆடியில் வந்திருந்தால் இன்னொரு வேடிக்கை. ஆரல்வாய்மொழிக் காற்றாலையைச் சுற்றுவது மேற்கிலிருந்து வரும் மேல்காற்று. 35,000 அடியிலோ அப்போது கிழக்கிலிருந்து கீழ்காற்று பலமாக அடிக்கும். வரும்போது விமானத்தைத் தள்ளிவிடும், திரும்பும்போது எதிர்க்கும்.

இனி தரைக்கு வா. வடசேரியிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் 70 கி.மீ.தான். ஆனால் மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று கடைவீதிக்குள்ளேயே போகும் ரோடு. பகலில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இன்னும் கூடும். வாகைக்குளம் 110 கி.மீ.க்குக் கிட்ட வரும். நான்குவழிச் சாலை என்பதால் அதே இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம்.

திருவனந்தபுரம் என்றால் டெர்மினல் எண்ணைப் பார்த்து டிரைவரிடம் சொல்: ஒன்று சங்குமுகம் பக்கம், இரண்டு சாக்கைப் பக்கம். மாற்றிப் போனால் ஓடுதளத்தைச் சுற்றி வர வேண்டும். முக்கியமாக, ஐப்பசி ஆராட்டன்று, அதாவது சுவாமியைக் கடலில் நீராட்டும் நாளில், பத்மநாபசுவாமி ஊர்வலம் ஓடுதளத்தின் வழியாகவே சங்குமுகம் போகும். மாலையில் சில மணி நேரம் விமானப் போக்குவரத்தே கிடையாது. அந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டு டிக்கெட் எடு.

ஏடிஆரில் பின்வாசலில் படி ஏற வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றாயே, சாய்தளமும் சக்கர நாற்காலியும் முன்பதிவிலேயே கேட்டுவை. உயரம் குறைவாகப் பறப்பதால் ஐப்பசி மழை மேகத்தில் குலுக்கலும் கூடுதல். காலை விமானம் கிடைத்தால் திருவனந்தபுரம்தான் நல்லது. சாயங்காலம் இறங்குவதானால் நான் வாகைக்குளத்தைத்தான் சொல்வேன். தேதி முடிவானதும் எழுது, வண்டி சொல்லிவைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்