ஏரிக்கரைப் பூக்களின் மேல் களைக்கொல்லி அடிக்காதீர்கள்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பகுதியில் பெட்டிகளில் இந்தியத் தேனீ வளர்க்கும் விவசாயி ஒருவன் எழுதும் மடல் இது. கடந்த மார்கழியில் எங்கள் ஏரிக்கரையிலும் அதையொட்டிய சாலையோரத்திலும் டிராக்டரில் தொட்டி ஏற்றிவந்து களைக்கொல்லி அடித்தது பற்றி நாங்கள் கொடுத்த மனுக்கள் தங்களிடம் இருப்பதால், அதை மறுபடியும் விவரிக்கவில்லை.

விசாரிக்க வந்தவர் பெட்டிகளைத் திறந்து பார்த்தார். செத்த தேனீக்கள் எங்கே என்று கேட்டார். நான் காட்ட முடியாததால் ‘பாதிப்பு இல்லை’ என்று எழுதிக்கொண்டு போனார். அடுத்த ஆறு வாரங்களில் என் பன்னிரண்டு பெட்டிகளில் ஏழு, ஒன்றன்பின் ஒன்றாக மெலிந்தன. இராணி இருந்தது, முட்டையும் இருந்தது. ஆனால் பூவுக்குப் போய்த் திரும்புபவை குறைந்துகொண்டே வந்து, கடைசியில் கையகல அடையை மூடி உட்காரக்கூடத் தேனீ இல்லாமல் போயிற்று. மாலையில் பெட்டியின் மேல் காது வைத்துக் கேட்பது என் வழக்கம். அந்த இரைச்சல் நாளுக்கு நாள் தேய்ந்ததை நான் கேட்டேன், ஐயா. அதை எந்த மனுவில் இணைப்பது?

குவியலாகச் சாவது மட்டுமே பாதிப்பு என்று எண்ணக்கூடாது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அடையின் அறையைக் கடித்துத் திறந்து வெளிவரும் இளம் பணித்தேனீயின் குடலில் பாக்டீரியா ஏறக்குறைய இருப்பதே இல்லை. முதல் சில நாள்களில் மூத்த தேனீக்களோடும் அடையோடும் பழகித்தான் அது அவற்றைப் பெறுகிறது. அவற்றுள் ஸ்னோட்கிராசெல்லா என்ற பாக்டீரியா குடற்சுவரில் படலமாகப் படிந்திருக்கிறது. கில்லியமெல்லா என்ற இன்னொன்று மகரந்தத்திலுள்ள பெக்டின் என்ற பொருளைச் சிதைத்துத் தருகிறது. தேனீ எந்தப் பூவில் உண்கிறது, எந்த மருந்து அதன் வாயில் படுகிறது என்பதைப் பொறுத்து இந்தப் பாக்டீரியாக் கூட்டத்தின் அளவும் விகிதமும் மாறுகின்றன.

கரையில் எறிந்துவிட்டுப் போன காலி டப்பாக்களில் களைக்கொல்லியின் பெயர் கிளைபோசேட் என்று இருந்தது. செடிகளில் அது முடக்கும் நொதி விலங்குகளிடம் இல்லை, ஆகவே தேனீக்கு ஒன்றும் ஆகாது என்று எங்களிடம் சொன்னார்கள். அந்த நொதி தேனீயின் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் பலவற்றிடம் இருக்கிறதே! 2018இல் வெளியான டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வில், கிளைபோசேட் உண்ட தேனீக்களின் குடலில் ஸ்னோட்கிராசெல்லா குறைந்தது. செராஷியா என்ற நோய்க்கிருமியைக் கொடுத்தபோது அவை கூடுதலாக மடிந்தன. அது இத்தாலியத் தேனீயில் நடந்த ஆய்வு. ஆனால் நம் இந்தியத் தேனீயின் குடலிலும் இதே வகைப் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. என் பெட்டிகள் இதனால்தான் அழிந்தன என்று நான் சத்தியம் செய்யவில்லை. சோதித்துப் பார்க்காமல் ‘பாதிப்பு இல்லை’ என்று எழுதாதீர்கள் என்கிறேன்.

கிளைபோசேட்டைப் பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்களைத் தவிர வேறு யாரும் பயன்படுத்தக்கூடாது என்று மத்திய அரசு 2022 அக்டோபரிலேயே ஆணையிட்டிருக்க, எங்கள் கரையில் அதை அடித்தவர்கள் யார் என்ற கேள்விக்கு இதுவரை பதில் வரவில்லை. மெலிந்த பெட்டிக்குச் சர்க்கரைப் பாகில் டெட்ராசைக்ளின் என்ற பாக்டீரியாக்கொல்லி மருந்தைக் கலந்து வையுங்கள் என்ற யோசனைதான் வந்தது. அந்த மருந்து குடல் பாக்டீரியாக்களைக் குலைத்து, தேனீக்களின் ஆயுளையே குறைக்கிறது என்று 2017இலேயே ஆய்வு வந்துவிட்டது. 1990களின் தொடக்கத்தில் தேனீயின் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியப் பெட்டிகளைக் காலி செய்ததை எங்கள் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. மானியத்தில் பெட்டி கொடுக்கிறீர்கள், பயிற்சி கொடுக்கிறீர்கள், அதற்கு நன்றி. அந்தப் பெட்டியிலிருந்து பறக்கும் தேனீ போய் உட்காரும் தும்பையையும் வெட்டுக்காயப் பூண்டையும் கருக்கிவிட்டு எதற்காகப் பெட்டி கொடுக்கிறீர்கள்?

கோபத்தில் சொல்லியிருந்தால் பொறுத்தருளுங்கள். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் களைக்கொல்லி அடிப்பதை நிறுத்துங்கள். செடி வளர்ந்து வழியை மறித்தால், பூ முடிந்தபின் ஆள்வைத்து அரிவாளால் அறுக்கச் செய்யுங்கள். அந்த வேலைக்கு வர எங்கள் ஊரிலேயே ஆட்கள் உண்டு. பங்குனியில் கரையிலுள்ள புங்கமரங்கள் பூக்கும். அவற்றின் அடியில் மறுபடியும் அடிக்காதிருக்க அதற்குள் ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

எஞ்சிய ஐந்து பெட்டிகளிலிருந்து தேனீக்களை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப எனக்குச் சம்மதம். பொழுது சாயும் நேரத்தில் வாருங்கள். வெளியே போனவையும் அப்போது திரும்பியிருக்கும்.

இப்படிக்கு,
அணைக்கட்டுப் பகுதித் தேனீ வளர்ப்பவன்