பெரிய காரியங்களை எங்கள் கையால் செய்ய விடுங்கள்

பெரிய பட்ஜெட் வீடியோ கேம்களுக்குக் கதை எழுதுகிறவர்களுக்கும் அவற்றை இயக்குகிறவர்களுக்கும்,

வணக்கம்.

அண்மையில் விளையாடிய ஒரு கேமில் கடைசி வில்லனோடு வெகுநேரம் மல்லுக்கட்டினேன். எப்போது விலகுவது, எப்போது அடிப்பது என்று விரல்கள் பழகி, ஒருவழியாக அவன் வீழ்ந்தான். உடனே திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை; கட்-சீன், அதாவது நம் கையில் கட்டுப்பாடு இல்லாமல் சினிமா மாதிரி தானாக ஓடும் காட்சி. பார்த்தால், ஜெயித்த என் நாயகன் மண்டியிட்டுக் கிடக்கிறான். வில்லன் நீளமாக வசனம் பேசுகிறான். அப்புறம் நாயகன் எழுந்து, தானாகவே அவனைக் கொல்கிறான். கன்ட்ரோலர் என் மடியில் சும்மா கிடந்தது. பந்தியில் உட்காரவைத்து, பாயசம் வரும் நேரத்தில் எழுப்பிவிட்டது மாதிரி இருந்தது.

இப்படிக் குறைபட்டால், கதை எப்படிப் போக வேண்டும் என்று நாங்களே தேர்ந்தெடுக்கும் வாய்ப்புகளும் ஐந்தாறு விதமான கதை முடிவுகளும் எங்களுக்கு வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். எனக்கு அவை வேண்டாம். கதை ஒரே தடத்தில் போகட்டும். முடிவை நீங்களே எழுதுங்கள். அந்தத் தடத்தில் நடக்கும் பெரிய காரியங்களை மட்டும் என் கை செய்யட்டும்.

நான் கேட்பது புதிதில்லை, உங்கள் துறையிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். (இனி சில கேம்களின் முடிவுகளைப் பேசப்போகிறேன். விளையாடாதவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.)

ஜோசஃப் ஃபாரெஸ் இயக்கி 2013-இல் வந்த ‘பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்’. அண்ணனும் தம்பியும் நோயில் கிடக்கும் அப்பாவுக்கு மருந்து தேடிப் போகிறார்கள். கன்ட்ரோலரின் இடது குச்சியும் இடது ட்ரிகரும் (விரலால் அழுத்தும் விசை) அண்ணனுக்கு, வலது பக்கம் தம்பிக்கு. தாய் நீரில் மூழ்கி இறந்ததைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் தம்பிக்குத் தண்ணீர் என்றாலே பயம். ஆறு குறுக்கிட்டால் அண்ணனின் முதுகில் தொற்றிக்கொள்வான். வழியில் அண்ணன் இறந்துபோகிறான். அவனைப் புதைப்பதும் நாம்தான். தம்பியை நகர்த்தி மண்ணைத் தள்ளித் தள்ளிக் குழியை மூட வேண்டும். அதன்பின் இடது கைக்கு வேலையே இல்லை.

ஊருக்குப் பக்கத்தில் வந்ததும் மறுபடியும் தண்ணீர். வலது ட்ரிகரை எவ்வளவு அழுத்தினாலும் தம்பி இறங்க மறுக்கிறான். அப்போது இடது ட்ரிகரை, அதாவது இறந்துபோன அண்ணனுடைய ட்ரிகரை அழுத்தினால், தம்பி நீந்துகிறான். அந்த அழுத்தத்தில் இருந்த துக்கத்தை எந்த கட்-சீனாலும் எனக்குத் தந்திருக்க முடியாது. இத்தனைக்கும் அங்கே தேர்வு என்று எதுவுமே இல்லை, எல்லாரும் அதே ட்ரிகரைத்தான் அழுத்தியாக வேண்டும்.

அதே ஆண்டில் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ கேமிலும் அப்படித்தான். நாம் இயக்கும் நாயகன் ஜோயல், உயிரைப் பறிக்கப்போகும் அறுவை சிகிச்சையிலிருந்து ஒரு சிறுமியை மீட்கப் போகிறான். அறுவை சிகிச்சை அறையில் மருத்துவர் கையில் சிறு கத்தியோடு வழிமறிக்கிறார். அவரைக் கொல்லாமல் கதை நகராது. செய்ய மனமில்லாமலே செய்ய வேண்டியிருக்கிறது. ஜோயல் செய்தது சரியா என்று இன்றுவரை இத்தனை பேர் சண்டை போடுவதற்கு, அந்தக் காரியத்தில் நம் விரலுக்கும் பங்கு இருப்பது ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

கட்டுப்பாட்டைப் பிடுங்கவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. 2007-இல் வந்த ‘பயோஷாக்’, கதை நடக்கும் நகரத்தை உருவாக்கிய ஆண்ட்ரூ ரையன் சாகும் காட்சியில் நம்மைச் செயலற்றவர்களாக்குகிறது. நம் கையில் கோல்ஃப் மட்டை. அது தானாக இறங்குகிறது, நிறுத்த முடியவில்லை. அதுவரை ரேடியோவில் ஒரு குரல் பணிவாகக் கேட்டதையெல்லாம் செய்துகொண்டே வந்த நாம், யாருடைய ஏவலில் நடந்தோம் என்று அந்த இடத்தில்தான் உறைக்கிறது. பிடுங்கியதே அங்கே கதை. கேமரா கோணம் அழகாக வரும் என்பதற்காகப் பிடுங்குவது வேறு.

ஒரு பட்டனை அழுத்தச் சொல்லிவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். 2014-இல் ‘கால் ஆஃப் டியூட்டி: அட்வான்ஸ்ட் வார்ஃபேர்’ கேமில் தோழனின் சவப்பெட்டி முன்னால் நிற்கும்போது, அஞ்சலி செலுத்த கீபோர்டில் ‘எஃப்’ விசையை அழுத்து என்று கணினித் திரையில் வந்தது. சோகக் காட்சி உலகம் முழுக்கக் கேலியானது. அதுவரை அந்த விரல் அந்த மனிதனுக்காகச் செய்தது எதுவும் அந்த அழுத்தத்தில் இல்லையே!

காரியம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. 2004-இல் வந்த ‘ஹாஃப்-லைஃப் 2’ கேமில் ஒரு காவலன் காலி டப்பாவைத் தட்டிவிட்டு, எடுத்துக் குப்பையில் போடச் சொல்கிறான். போடலாம், அவன் மேலேயே வீசி அடி வாங்கலாம். அந்த ஊரில் எப்படிப்பட்ட ஆட்சி நடக்கிறது என்று ஒரு டப்பாவில் தெரிந்துவிடுகிறது.

உங்கள் சிரமம் புரிகிறது. நடிகர்களை வைத்து அசைவுகளைப் பதிவு செய்கிறீர்கள். அந்த முகபாவத்தைக் காட்டாமல் விட மனம் வராது. விளையாடுகிறவன் அந்த நேரம் பார்த்துச் சுவரைப் பார்த்துக் குதித்துக்கொண்டிருப்பான் என்ற பயமும் நியாயம்தான். சரி, குதிக்கட்டும். அவனையும் நிற்கவைக்கிற காட்சியை உங்களால் எழுத முடியும்.

அடுத்த கேமின் திரைக்கதையில் மிக முக்கியமான மூன்று காட்சிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் விளையாடுகிறவரின் விரல் என்ன செய்கிறது என்று பக்கத்திலேயே எழுதிப் பாருங்கள். எதுவுமில்லை என்று வந்தால், அதற்குக் கதையில் காரணம் இருக்கிறதா என்று எழுத்தாளரும் கேம் வடிவமைப்பாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுங்கள். பதிவு முடிந்தபிறகு பேசிப் பயனில்லை. அப்படியும் கட்-சீன்தான் என்று முடிவானால், அதை நடுவில் நிறுத்திவைக்கும் வசதியையாவது கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கேம்களை விளையாடும் ஒருவர்