பழைய கை வின்ச்: சனிக்கிழமை வேலைக்கு முன் வாசிக்கவும்

வணக்கம் உறவுகளே. வின்சை (கையால் சுற்றிக் கயிறு இழுக்கும் பொறி) கழற்றியாச்சு. சட்டகமும் பற்சில்லுகளும் வார்ப்பிரும்பு, ஆகவே ஒருவரும் சுத்தியலால் அடிக்க வேண்டாம், வெடித்துவிடும். இறுகின நட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஒரு நாள் விடுங்கோ. பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம். ஈரமாக்கித்தான் சுரண்ட வேண்டும், மாஸ்க் கட்டாயம்.

முக்கியம் உப்பு. திருகோணமலைக் கடற்காற்றில் நின்ற இரும்பின் குழிகளுக்குள் உப்பு ஊறிக் கிடக்கும். கழுவாமல் பெயின்ற் அடித்தால் அடுத்த வாடைக்காற்று மழைக்கே அடியில் கறள் பொங்கிப் பெயின்றைத் தள்ளும். சின்னப் பாகங்களை லீற்றருக்கு 20 கிராம் சலவைச் சோடா கரைத்த தண்ணியில் ஊறவிட்டு, கிழமைக்கு ஒருக்கா மாற்றுங்கோ. மாற்றும்போது கொஞ்சம் எடுத்து, நுரை அடங்கும்வரை நைத்திரிக் அமிலம் விட்டு, பிறகு ஒரு துளி வெள்ளி நைத்திரேற்று விடுங்கோ. பால்போலக் கலங்கினால் உப்பு இன்னும் வருகுது. குழாய்த் தண்ணியும் கொஞ்சம் கலங்கும், அதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். அமிலம் தொடுபவர் கையுறை, கண்ணாடி போடவும்.

காய்ந்ததும் அன்றைக்கே துத்தநாக எப்பொக்சி முதற்பூச்சு. ஈரப்பதன் 85 வீதத்துக்கு மேலென்றால் அடிக்க வேண்டாம். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களுக்குள் முடிப்பதே நல்லது.

புது போல்ற்றுக்கு ஸ்ரெயின்லெஸ் வாங்காதீங்கோ, பக்கத்து இரும்பைத் தின்றுவிடும். சட்டகத்தின் அடியில் தண்ணி தேங்கும் பள்ளம் ஒன்று இருக்கு, வடிகால் துளையைச் சீமெந்தால் மூடிவிடாதீங்கோ.

கம்பிப் பிரஷ் நான்கு, வாளி இரண்டு தேவை. கொண்டுவரக்கூடியவர்கள் இங்கேயே சொல்லுங்கோ.